சபைக்கூச்சமும் மெய்நிகர் சிகிச்சையும்

பிறர் தம்மைக் கவனித்துக் குறை காண்பார்கள் என்ற அச்சம் அளவு கடந்து, படிப்பையும் வேலையையும் முடக்கும் நிலை சமூகப் பதற்றக் கோளாறு எனப்படுகிறது. கணினி உருவாக்கும் மெய்நிகர் சூழலில் அந்த அச்சத்தைப் படிப்படியாகச் சந்திக்க வைப்பது இதற்கான சிகிச்சைகளுள் ஒன்று. கருவி அண்மைக் காலத்தது என்றாலும், அதன் அடிப்படை முறை ஏறத்தாழ நூறாண்டு பழையது.

கூச்சமும் கோளாறும்

திருக்குறளில் ‘அவையஞ்சாமை’ என்றே ஓர் அதிகாரம் (73) உண்டு. கற்றவரும் அவையில் பேச அஞ்சுவது பழங்காலத்திலேயே அறியப்பட்ட செய்தி. ஆனால் மருத்துவம் இதைத் தனியே கண்டது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1966இல் இங்கிலாந்தின் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் ஆகியோர் பலவகை அச்சங்கள் தொடங்கும் வயதை ஒப்பிட்டனர். விலங்குகள் மீதான அச்சம் குழந்தைப் பருவத்திலும், சமூக அச்சம் பெரும்பாலும் பருவமடைந்த பின்னரும் தொடங்குவதைக் காட்டினர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்வகைப்பாட்டுக் கையேட்டில் இது இடம்பெற்றது.

பள்ளி வயதில் தொடங்குவதால் இதை முதலில் காணும் வாய்ப்பு ஆசிரியருக்கே உண்டு. ஆனால் விடை தெரிந்தும் எழுந்து சொல்லாத மாணவர் ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டப்படுவதால், கோளாறு கண்ணில் படாமல் போவதும் உண்டு.

படிப்படியாகப் பழக்குதல்

1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் அருகே கொண்டுவந்தார். இறுதியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958இல் வெளியிட்ட நூலில் இவ்வழியை முறையான சிகிச்சையாக வகுத்தார்.

சபைக்கூச்சத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. முயலைக் கொண்டுவரலாம், இருபது பேர் கொண்ட அவையை மருத்துவரின் அறைக்குள் வாரந்தோறும் கூட்டுவது எளிதன்று. கற்பனை செய்யச் சொன்னால் எல்லோருக்கும் காட்சி மனத்தில் எழுவதில்லை.

மெய்நிகர் அவை

தலையில் அணியும் கணினிக் காட்சிக்கருவியை 1968இல் ஐவன் சதர்லாந்து செய்துகாட்டினார். 1995இல் அட்லாண்டாவில் பார்பரா ரோத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் உயரத்தைக் கண்டு அஞ்சும் மாணவர்களுக்கு அதைப் பயன்படுத்திப் பயன் கண்டனர். லண்டனில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் மெய்நிகர் அவையினர் முன் மக்களைப் பேச வைத்தனர். எதிரே இருப்பவை வெறும் உருவங்கள் என்று தெரிந்தும், அவை முகம் சுளித்தபோது பேசியவர்கள் பதறினர். 2002இல் வெளியான இந்த முடிவே சிகிச்சைக்கு இடம் இருப்பதைக் காட்டியது.

சிகிச்சையில் முதலில் ஆளில்லாத அரங்கு, பிறகு சிலர், பிறகு நிறைந்த அவை, அதன்பின் குறுக்குக் கேள்வி என்று மருத்துவர் கூட்டிக்கொண்டே போகிறார். விலகி ஓடாமல் நிற்பவர், தாம் அஞ்சியபடி எதுவும் நேரவில்லை என்பதைத் தம் அனுபவத்திலேயே அறிகிறார்.

2013இல் பேஜ் ஆண்டர்சன் குழுவினர் 97 பேரிடம் நடத்திய ஆய்வில், மெய்நிகர் சிகிச்சையும் குழுச் சிகிச்சையும் ஒத்த பலன் தந்தன. 2017இல் கனடாவில் ஸ்டெஃபான் புஷார் குழுவினர் 59 பேரிடம் நடத்திய ஆய்வில், நேரடிப் பயிற்சியைவிட மெய்நிகர் பயிற்சி கூடுதல் பலன் காட்டியது.

சென்னை மேற்குப் புறநகர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து இளைஞருக்கு இந்த அச்சம் பெரிதும் சோதனையாவது வேலைக்கான நேர்முகத் தேர்வில். அயல்நாட்டு அரங்குகளைக் காட்டும் மென்பொருள் அவருக்கு அரைகுறையாகவே உதவும். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் மூவர் குழு, உறவினர் நிறைந்த கல்யாண மண்டபம், சில்லறை கேட்க வேண்டிய மாநகரப் பேருந்து ஆகியவையே அவருடைய அவைகள்.

கருவி கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேற்கண்ட ஆய்வுகளே காட்டுவதுபோல், கருவியின்றிச் செய்யும் பேச்சுவழிச் சிகிச்சையும் பயன் தருகிறது. 1794இல் தொடங்கி 1871இல் இன்றைய இடத்துக்கு வந்த கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இப்பகுதிக்கு எட்டும் தொலைவில் உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நேரில் போய்ச் சொல்லக் கூசுபவருக்கு அந்தத் தொலைபேசி அழைப்பே முதற்படியாக அமையும்.