விதை இல்லாத செம்மஞ்சள் பூ

எங்களில் ஒருத்தியின் பெரியம்மா ரொறன்ரோவில் இருக்கிறா. யூலை பிறந்தால் அவ அனுப்பும் வட்ஸ்அப் படங்களில் பேரப்பிள்ளைகளைவிடப் பூக்கள்தான் கூட. அதிலும் வேலியோரம் வரிசையாக நிற்கும் ஒரு செம்மஞ்சள் பூ. நீட்டுத் தண்டு, நுனியில் பத்துப் பன்னிரண்டு மொட்டு. பேர் டே லிலி. "விதை இருந்தா அனுப்புங்கோ பெரியம்மா" என்று கேட்டோம். "இதுக்கு விதை இல்லையடி. பக்கத்து வீட்டு இத்தாலிக்கார மனுசி ஒரு துண்டு வெட்டித் தந்தவ. அதுதான் இவ்வளவும்" என்றா.

விதையே இல்லாத ஒரு செடி எப்படி இவ்வளவு தூரம் போனது? அந்தக் கேள்விதான் எங்களை இதற்குள் இழுத்துவிட்டது.

லிலி என்று சொன்னாலும் தாவரவியலாளர்கள் இப்போது இதை லிலிக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. கற்றாழை இருக்கும் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். அறிவியல் பேர் ஹெமரோகலிஸ் ஃபுல்வா. ஹெமரோகலிஸ் என்பது கிரேக்கத்தில் 'ஒரு நாள்', 'அழகு' என்ற இரண்டு சொல் சேர்ந்தது. காலையில் விரியும் பூ இரவுக்குள் வாடிவிடும். அடுத்த நாள் அடுத்த மொட்டு.

சொந்த ஊர் கிழக்காசியா. சீனர்களின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான ஷிஜிங்கிலேயே இது வருகிறது. கணவன் போருக்குப் போய்விட்டான். தலை வாரவும் மனமில்லாமல் இருக்கும் மனைவி, துயரை மறக்கச் செய்யும் அந்தப் பூண்டு எங்கே கிடைக்கும், கொண்டுவந்து வீட்டின் பின்பக்கம் நடலாமே என்று ஏங்குகிறாள். பிற்காலத்தில் 'கவலை மறக்கும் பூண்டு' என்பது இதற்கு ஒரு பேராகவே நிலைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மறக்கச் சொல்லும் பூ என்றதும் எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மறக்கச் சொல்லுகிறவர்களைக் கனக்கப் பார்த்தாச்சு. ஆனால் அந்தப் பாட்டை நாங்கள் விளங்கிக்கொண்ட வரையில், அவள் அவனை மறக்க விரும்பவேயில்லை. நினைத்து நினைத்து நெஞ்சு நோகிறது, அந்த நோவோடேயே இருக்கிறேன் என்பதுதான் அவளுடைய கதை. பூண்டு அவளுக்குக் கிடைத்ததாகவும் பாட்டில் இல்லை.

பிறகு இது தாய்மாரின் பூவாகிறது. தாய் இருக்கும் அறையின் முன்னால் இதை நடுவது வழக்கமாகி, அந்தப் பூவின் பேரைச் சேர்த்துத்தான் தாயையே மரியாதையாகக் குறிப்பிட்டார்கள். வீட்டைவிட்டுத் தூரம் போகும் பிள்ளை, அம்மா என்னை நினைத்துக் கவலைப்படக்கூடாது என்று நட்டுவிட்டுப் போவானாம்.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மூலிகை நூல்களில் இந்தப் பூ தலைகாட்டுகிறது. லண்டனில் 1597இல் வெளிவந்த ஜோன் ஜெராட்டின் பெரிய மூலிகை நூலிலும் டே லிலி இருக்கிறது. லின்னேயஸ் 1753இல் இதை மஞ்சள் டே லிலியின் ஒரு வகை என்று எழுதினார். 1762இல் தனி இனமாக்கினார். எழுதினவர்களின் பேர் எல்லாம் இருக்கிறது. சீனத்திலிருந்து அவ்வளவு தூரம் கிழங்கைக் காயவிடாமல் கொண்டுபோன ஆளின் பேர் மட்டும் எதிலும் இல்லை.

அங்கிருந்து குடியேறிகளோடு வட அமெரிக்கா போனது. இங்கேதான் கதையில் ஒரு சிறுவன் வருகிறான். விஸ்கொன்சினில் வளர்ந்த ஆர்லோ பர்டெட் ஸ்டௌட். தன் தாயின் தோட்டத்தில் இந்தச் செடி இவ்வளவு பூத்தும் ஏன் ஒரு காய்கூடப் பிடிப்பதில்லை என்று யோசித்தவன். வளர்ந்து 1911இல் நியூயோர்க் தாவரவியல் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கேள்வியையே ஆயுள் முழுக்கக் கிண்டினார். சாதாரண டே லிலிக்கு 22 நிறமூர்த்தங்கள். இதற்கு 33. மூன்று தொகுதி இருந்தால் சோடி சேர்ந்து சமமாகப் பிரிய ஏலாது, அதனால் விதை கட்டாது. எங்கள் வாழைப்பழங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே கதைதான். நாங்கள் வாழையை விதை போட்டா வைக்கிறோம்? குட்டி பிரித்துத்தானே.

கிழக்காசியாவில் விதை கட்டும் உறவுகள் இதற்கு இருக்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவிய அந்தப் பழைய செடிக்கு ஸ்டௌட் வைத்த பேர் 'யூரோப்பா'. அங்கே கிணற்றடியிலும் தெருவோரத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் நிற்கும் இந்தப் பழைய செம்மஞ்சள் செடிகள் எல்லாம் ஒரே செடியின் துண்டுகள்தான். சீனத்திலிருந்து வேறு வகைகளை எடுப்பித்து ஒட்டிக் கலந்து, முதல் சிவப்பு டே லிலியான 'தெரோன்' என்பதை 1934இல் அவர் வெளியிட்டார். இன்று பதிவான கலப்பினங்கள் 80,000க்கும் மேல். அது பெரிய வியாபாரம், அதற்குள் நாங்கள் போகவில்லை.

எங்களைப் பிடித்துக்கொண்டது பழைய செடிதான். அமெரிக்க நாட்டுப்புறங்களில் காட்டுக்குள் திடீரென்று ஒரு வரிசை டே லிலி நின்றால், அந்த இடத்தில் ஒரு காலம் வீடு இருந்தது என்று அர்த்தமாம். சுவர் போய், கூரை போய், பூ மட்டும் வாசல் இருந்த திசையைக் காட்டிக்கொண்டு நிற்கும். மீள்குடியேற்றத்துக்குப் போனபோது வளவைக் கண்டுபிடிக்கக் கிணற்றையும் செவ்வரத்தையையும் தேடினவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போது அங்கே இதற்கு 'வாய்க்கால் லிலி', 'கக்கூஸ் லிலி' என்றெல்லாம் பேர். தானே பரவி மற்றச் செடிகளை நெருக்குகிறது என்பதும் உண்மைதான், காட்டோரத்தில் நடக்கூடாது. ஆனாலும் ஒரு காலத்தில் ஆரோ ஒரு மனுசி மடியில் கட்டிக்கொண்டு வந்ததைக் களை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

வளர்ப்பது சுகம். பூத்து முடிந்த பிறகு பற்றையைக் கிண்டி எடுத்து, இலையும் வேரும் சேர்ந்து வரும்படி துண்டாக்க வேண்டும். இலையை ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட்டு, குருத்து இருக்கும் பகுதி மண்ணுக்குள் ஒரு அங்குலம் இருக்கத் தாட்டால் போதும். ஒன்றரை அடி இடைவெளி, நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண். நாலைந்து வருசத்துக்கு ஒருக்கா பிரித்துவிடாவிட்டால் நெருங்கிப் பூ குறையும். பூனை வளர்க்கிறவர்கள் கவனம், பூனையின் சிறுநீரகத்துக்கு இது நஞ்சு.

அந்த இத்தாலிக்கார மனுசி போன மாரியில் காலமாகிவிட்டாவாம். வீட்டை வாங்கினவர்கள் முற்றம் முழுக்கக் கல் பதித்துவிட்டார்கள். பெரியம்மா இந்த முறை பற்றையைப் பிரித்து ஆறு துண்டு எடுத்து, இரண்டைப் புதிதாக வந்த ஒரு சிரியக் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறா. எங்களுக்கு அனுப்ப ஏலாது, மண்ணோடு கிழங்கை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். படம்தான். அங்கே காலை விரிந்த பூ எங்கள் ஃபோனுக்கு வரும்போது இங்கே பின்னேரம். நாங்கள் படுத்து எழும்ப முதல் அது வாடிவிடும்.