எல்லவில் கேட்ட ஒரு கேள்வி

எல்ல புகையிரத நிலையத்திற்கு அருகே, தேநீர்க்கடையொன்றில், தோட்டத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரைச் சென்ற மாதம் சந்தித்தேன். நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் அவர் கேட்டார்: "ஐயா, பேரன் விமானம் ஓட்டப் படிச்சு லைசனும் எடுத்துட்டான். ஒரு வருசமா வேலை இல்ல. என்ன செய்யலாம்?" மருமகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணமெல்லாம் அப்படிப்பில் கரைந்துவிட்டதாம்.

என் எண்ணம் பின்னோக்கி ஓடிற்று. 1935 நவம்பர் 27 அன்றுதான் இரத்மலானையில் முதலாவது விமானம் தரையிறங்கியது. அந்தச் சிறிய 'புஸ் மொத்' விமானத்தை ஓட்டிவந்த டின்டேல் பிஸ்கோ, சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியர். பறக்கக் கற்பிப்பதே அவருடைய ஜீவனோபாயம் என்பதைக் கவனியுங்கள்.

1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. உள்ளூர் இளைஞர்க்கு வானத்தில் உத்தியோகம் உண்டு என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. ஓராண்டு நிறையுமுன் 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். கடவுச்சீட்டே இல்லாதவனுக்கு விமானி ஆசனம் ஏது? 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்வதற்கு!

இம்முதியவரும் இந்தியப் பத்திரம் பெற்றவர்தான். புறப்படுவதற்குள் 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோயிற்று. 2003இல் வந்த சட்டத்தின் பின்னரே இந்நாட்டுப் பிரசையானார்.

பேரனுக்கு அத்தடை இல்லை. அவனுடைய தடை மணிக்கணக்கு. வணிக விமானி அனுமதிப்பத்திரம் 200 மணி நேரப் பறப்பளவில் கிடைத்துவிடும். பெரிய விமானத்தின் தலைமை விமானிக்குரிய அனுமதிப்பத்திரத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அதனோடு, ஓட்டப்போகும் விமான வகைக்கெனத் தனிப்பயிற்சி. அதற்குத் தனிக் கட்டணம். 2022 நெருக்கடியின் பின் நம் விமானிகள் பலர் வெளிநாடு சென்றது உண்மையே. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற இடங்களில் பெரும்பாலானவை அனுபவஸ்தர்க்குரியவை. புதியவன் வாசலிலேயே நிற்கிறான்.

நான் அறிந்ததைச் சொன்னேன். மருத்துவச் சான்றிதழ் காலாவதியாக விடலாகாது. கட்டுப்பாட்டு அறை, பறப்புத் திட்டமிடல் போன்ற தரைப்பணி கிடைத்தால் தட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்பு, பயிற்றாசிரியர் தகுதியைப் பெறட்டும். சம்பளத்தோடு மணிக்கணக்கும் ஏறும்.

"அப்ப வாத்தியார் வேலையா? சம்பளம் கம்மியா இருக்குமே" என்றார்.

நான் மறுக்கவில்லை. கடைக்காரரிடம் ஒரு துண்டுக் காகிதம் வாங்கி, சொன்னதையெல்லாம் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். தேநீருக்கு அவரே காசு கொடுத்தார்.