பவுத்திரத்துக்கு ஒரு நூல்

தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் தேவையில்லை" என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் குறைவு. வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய் என்பதால் அந்தச் சுவரை நம்பிப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் இந்த விஷயத்தில் சோதித்துப் பார்த்த ஒரு பழைய வைத்தியமும் உண்டு. அதுதான் க்ஷார சூத்திரம். சித்த மருத்துவத்தில் காரநூல் என்பார்கள்.

சுசுருத சம்ஹிதையிலேயே இந்த நூலைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வங்காளத்தைச் சேர்ந்த சக்ரபாணி தத்தர், கள்ளிப்பாலும் மஞ்சளும் நூலில் பலமுறை பூசும் முறையை எழுதி வைத்தார். பிறகு இது பெரிதாகப் புழக்கத்தில் இல்லை. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. ஜே. தேஷ்பாண்டே இதை மீண்டும் கையில் எடுத்தார். இன்றைய முறைப்படி நூலுக்கு மொத்தம் 21 பூச்சு. முதல் 11 இலைக்கள்ளிப் பால் மட்டும், அடுத்த 7 பாலும் நாயுருவிச் சாம்பலில் எடுத்த காரமும், கடைசி 3 பாலும் மஞ்சள் பொடியும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அதனால் ஒரு நூல் தயாராகவே பல நாள் ஆகும்.

பவுத்திரத்தின் குழாய் வழியே நூலை விட்டு முடிச்சுப் போடுவார்கள். வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். நூல் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டு வர, பின்னாலேயே புண் ஆறிக்கொண்டு வரும். ஒரே வெட்டில் மலவாய்த் தசை அறுந்து, மலத்தை அடக்க முடியாமல் போகும் அபாயம் இதில் குறைவு என்பதே வைத்தியர்களின் வாதம். நூல் கட்டும் யோசனை நமக்கு மட்டும் சொந்தமில்லை, கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலும் இருந்தது. பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி 1686இல் இதே நோய்க்குக் கத்தியிடம்தான் போனார்.

சரி, ஆதாரம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வெளியானது. அறுவை செய்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, நூல் கட்டியவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் ஆறுவதற்கு அறுவைக்கு 4 வாரம், நூலுக்கு 8 வாரம். படுக்கையில் கிடக்க வேண்டாம் என்பதால் தினக்கூலிக்காரருக்கு இந்தக் கணக்கு கட்டுபடியாகலாம். 2001இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில், சிக்கல் இல்லாத பவுத்திரத்துக்கு இரண்டு முறையும் ஏறக்குறைய சமமாகவே வந்தன. ஆனால் நூல் கட்டியவர்களுக்கு முதல் சில நாள் வலி அதிகம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எண்கள் எல்லாம் பவுத்திரத்துக்கு, அதுவும் பயிற்சி பெற்றவர் கட்டிய நூலுக்கு. மூலத்துக்கு விற்கும் பெயர் தெரியாத பொடிக்கும் களிம்புக்கும் இவை சாட்சி ஆகாது. கொட்டாரம் பக்கத்துக்காரர்கள் சுவரை நம்பிப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.