விஜயன், ஐ. எம்.

விஜயன், இனிவளப்பில் மணி (பி. 25 ஏப்ரல் 1969): கேரளக் கால்பந்து வீரர், முன்கள ஆட்டக்காரர், இந்திய அணியின் தலைவராகவும் இருந்தவர். திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் அவ்வூர் நகராட்சி விளையாட்டரங்கில் சோடா விற்றார். புட்டிக்குப் பத்துக் காசு கிடைத்ததாம். அவரைப் பற்றி எழுதியவர் எவரும் இந்தப் பத்துக் காசை விட்டுவிடுவதில்லை.

பதினேழாம் வயதில் கேரள காவல்துறை அணி அவரை அழைத்துக்கொண்டது. டி.ஜி.பி. எம். கே. ஜோசப்பின் முனைப்பில் உருவான அணி அது. வி. பி. சத்தியன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி, குரிகேஷ் மாத்யூ முதலியோர் உடன் ஆடினர். ஊதியம் பெறும் காவலர்களைக் கொண்ட இவ்வணி 1990இல் திருச்சூரில் கோவாவின் சல்கோகரை வென்று ஃபெடரேஷன் கோப்பையைக் கைப்பற்றியது. கேரள அணி ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர் பாப்பச்சன் என்றாலும், திருச்சூர்க்காரர்களுக்கு அது விஜயன் சோடா விற்ற மண்ணில் கிடைத்த வெற்றி. மறு ஆண்டு கண்ணூரிலும் கோப்பை காவல்துறைக்கே. 1992இல் கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் கோப்பையை வென்றபோதும் விஜயன் அணியில் இருந்தார்.

பின்னர் மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ் அணிகளுக்கு ஆடினார். கொல்கத்தா ரசிகர்கள் அவரைக் ‘காலோ ஹரிண்’ (கருமான்) என்றனர்.

இந்திய அணிக்கு அவர் முதலில் ஆடிய ஆண்டு 1989 என்றும் 1992 என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. கோல் கணக்கும் அப்படியே: 29 என்பாரும் உண்டு, 40 என்பாரும் உண்டு. எந்தெந்த ஆட்டங்களைப் பன்னாட்டு ஆட்டமாகக் கொள்வது என்பதைப் பொறுத்தது அது. 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராகப் பன்னிரண்டாம் நொடியில் அடித்த கோல், பன்னாட்டுக் கால்பந்தின் அதிவிரைவுக் கோல்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 2003இல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு கோல் அடித்து, இந்தியா வெள்ளி வென்றதும் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விலகினார். அவ்வாண்டு அர்ஜுனா விருது பெற்றார்.

ஜெயராஜின் ‘சாந்தம்’ என்னும் மலையாளப் படத்தில் நடித்தார். தமிழ் ரசிகர்களுக்கு அவர் ‘திமிரு’, ‘பிகில்’ படங்களால் அறிமுகமானவர். பின்னாளில் காவல்துறைப் பணிக்குத் திரும்பி, 2025இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.