தோட்டப் பிள்ளைகளும் கல்வி நிதிகளும்

மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களின் வரலாற்றைப் பேச எடுத்தால், ரப்பர் விலை, நாட்கூலி, கங்காணி முறை என்பவற்றோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்தத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் படிப்பதற்கான பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய பணம் அது, படிப்பின் எந்தக் கட்டத்தில் அது வந்து சேர்ந்தது என்ற கேள்விகளை அதிகமானோர் கேட்பதில்லை. இன்றைய உரையில் அவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மலாயாவில் ரப்பர் வாணிப முறையில் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது மலாக்காவில்தான் என்பதை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். டான் சே யான் என்ற மலாக்கா வணிகர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்பில் பெருந்தோட்டம் எழுந்தது. டான் சே யான் ஈகைக் குணம் உள்ளவர். சிங்கப்பூர் மருத்துவப் பள்ளியில் தம் தந்தையார் டான் டெக் குவான் பெயரால் ஒரு கட்டடம் எழுப்ப 15,000 வெள்ளி கொடுத்தார். 1911இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் மருத்துவம் பயின்றவர்கள் பலர். நல்ல காரியம்தான், ஐயமில்லை. ஆனால், ரப்பர் கொடுத்த செல்வத்தில் எழுந்த அந்தக் கட்டடத்திற்குள், ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டியின் மகன் நுழைவதற்கு வழியே இருக்கவில்லை. வழி ஆங்கிலப் பள்ளி வழியாகச் சென்றது. ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்தில் இருந்தது. அதற்குக் கட்டணமும் உண்டு. நீரிணைக் குடியேற்ற நாடுகளில் 1885இல் ஏற்படுத்தப்பட்ட மகாராணி உபகாரச் சம்பளமும் இப்படித்தான். ஆங்கிலப் பள்ளியில் மிகச் சிறந்து விளங்கிய ஓரிருவருக்கு அது இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்பாடு செய்தது. லயத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. நிர்வாகங்கள் சட்டத்தின் எழுத்துக்குக் கட்டுப்பட்டன. எங்கோ ஒரு கொட்டகை, கிராணி வேலையும் பார்க்கும் ஓர் ஆசிரியர், சில வகுப்புகள் என்ற அளவில் பல இடங்களில் காரியம் முடிந்தது. அதற்கு அப்பால் படிப்பு என்று ஒன்று இருப்பதாக யாரும் எண்ணவில்லை.

இங்கே ஒரு நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று தொடங்கப்பட்டது. தமிழகத்திலிருந்து தொழிலாளரைக் கொண்டுவரும் செலவை முதலாளிமார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். ஒவ்வொரு தோட்டமும் தன்னிடம் வேலை செய்த தென்னிந்தியத் தொழிலாளரின் வேலை நாட்களைக் கணக்கிட்டு, அதற்கேற்ப வரி செலுத்தியது. கவனியுங்கள்: பணம் கொடுத்தவர் முதலாளி, அந்தப் பணத்தை அளந்த அளவுகோலோ தொழிலாளியின் உழைப்பு நாட்கள். 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர்கள் உதவி பெற்று மலாயா வருவதைத் தடை செய்தது. ஆள் கொண்டுவரும் வேலை நின்றது, நிதி எஞ்சியது. சுதந்திரத்திற்குப் பின், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயர் பெற்று, ஆதரவற்ற முதியோருக்கும் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கும் உதவும் அறநிதியாக உருமாறியது. கப்பல் கட்டணத்திற்காகச் சேர்ந்த பணம் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு வந்து சேர்ந்தது என்று இதைச் சொல்லலாம். 1999இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அந்த நிதி கலைக்கப்பட்டது. அது யாருடைய பணம் என்ற கேள்வியை அதற்குரியவர்களிடம் ஒருபோதும் கேட்டதில்லை என்பதே என் கருத்து.

தொழிலாளர் தாமே சேர்த்த பணத்தின் கதை வேறு. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தோட்டம் துண்டானால் வேலை போகும், லயம் போகும், அதோடு பள்ளிக்கூடமும் போகும். இதைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரைப் பங்குதாரராகச் சேரும்படி கேட்டார். பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்நாளில் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கித் தொடங்கிய அச்சங்கம், பிற்காலத்தில் உறுப்பினர் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும் கல்விக் கடனும் வழங்கியது. வாங்கிய மாணவன் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவன் தந்தையின் பங்குச் சீட்டு வீட்டுப் பெட்டியில் இருந்தது.

உலகில் இதற்கு முன்மாதிரி உண்டு. இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்ற சிறு நாட்டில், 1872இல் அபெரிஸ்ட்வித் நகரில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அரசாங்கம் முதலில் கைகொடுக்கவில்லை. 1875இல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பல்கலைக்கழக ஞாயிறு என்று குறித்து, தேவாலயங்களில் ஏழை மக்களிடம் காசு திரட்டினார்கள். 1884இல் பேங்கர் நகரில் எழுந்த கல்லூரிக்குக் கற்சுரங்கத் தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். தம் மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கிலேயருக்குச் சமமாகப் படிக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். நம் தோட்டத்து மக்களின் ஆசையும் அதுவே.

சரி, பணம் வந்துவிட்டது, பிள்ளைகள் படித்துவிட்டார்களா? இங்கேதான் சங்கடம். உபகாரச் சம்பளங்கள் பெரும்பாலும் ஏணியின் உச்சிப் படியில் வைக்கப்பட்டிருந்தன. நம் பிள்ளைகள் விழுந்ததோ அடிப் படிகளில். 1964 வரை ஆறாம் ஆண்டு முடிந்ததும் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு இருந்தது. தவறியவருக்குக் கதவு அடைப்பு. அது நீக்கப்பட்ட பின்னும், தமிழ்ப் பள்ளிப் பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து, பிறகே முதலாம் படிவம் செல்ல வேண்டியிருந்தது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ இருக்கும் இடைநிலைப்பள்ளிக்குத் தோட்டத்துச் செம்மண் சாலையில் நடந்து, பெரிய சாலையில் பஸ் பிடிக்க வேண்டும். பெற்றோரோ விடியுமுன் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். பஸ் கட்டணம், சீருடை, புத்தகம் என்று மாதம் தோறும் வரும் சிறு செலவுகளே பல பிள்ளைகளை மீண்டும் பால் வாளியிடம் அனுப்பின. 1973இல் கல்வியமைச்சு வெளியிட்ட இடைநிற்றல் ஆய்வும் வறுமையைத்தான் முக்கியக் காரணமாகக் காட்டியது. பல்கலைக்கழகத்திற்கான உபகாரச் சம்பள மனு நிரப்பப்படும் நேரத்தில், அதை நிரப்ப வேண்டியவர்களில் பலர் பள்ளியை விட்டே போயிருந்தார்கள்.

இதை உணர்ந்தவர்கள் வேறு வழியில் இறங்கினார்கள். 1979இல் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் தோன்றியது. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதி நாட்களில் தம் தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பத்துமலையில் கல்வி யாத்திரை நடத்தி, பெற்றோரையும் அதில் சேர்த்தார்கள். இங்கே செலவான பணம் கொஞ்சம், நேரம் அதிகம். 1984இல் ம.இ.கா. ஏற்படுத்திய கல்வி மேம்பாட்டு நிறுவனம் கல்விக் கடன் வழங்கி, 2001இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் உருவாக்கியது. பெரிய சாதனைதான், ஆனால் படிவம் மூன்றில் நின்றுவிட்ட பிள்ளையைத் தூக்கி நிறுத்தியவை அந்த ஞாயிறு காலை வகுப்புகளே என்று நான் கருதுகிறேன்.

1997இல் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அமைந்ததிலிருந்து பல்கலைக்கழகக் கட்டணத்திற்கு அரசாங்கக் கடன் கிடைக்கிறது. இதற்கிடையே தோட்டங்களும் மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. மலாக்காவில் பல தமிழ்ப் பள்ளிகள் இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆனால் அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் பல, பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. முன்பு உதவி கொடுக்க வருபவர் லயத்தில் வரிசையாகக் கதவைத் தட்டினால் போதும். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். அடுக்குமாடியில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. தகவல் அறிந்து மனுப் பாரத்தை வாங்கி, உரிய நாளுக்குள் நிரப்பி அனுப்பத் தெரிந்த குடும்பத்துக்கே உதவி போய்ச் சேருகிறது. பஸ் கட்டணம் இல்லாமல் நிற்கும் இரண்டாம் படிவத்துப் பிள்ளைக்கு யார் போய்ச் சொல்வது என்பதுதான் இன்று அறவாரியங்களின் முன் இருக்கும் வேலை.