ஜெய்ப்பூர் நீலப் பாண்டம்

ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் செய்யப்படும், நீலச் சித்திரம் தீட்டி மெருகேற்றிய கைவினைப் பாண்டம். பாரசீக, நடு ஆசிய மரபில் வேர்கொண்ட இக்கலை, மன்னர் இரண்டாம் சவாய் ராம் சிங் (ஆட்சி 1835–1880) ஆதரவில் ஜெய்ப்பூரில் வளர்ந்தது.

செய்முறை: வழக்கமான குயவர் களிமண் இதில் இல்லை. படிகக்கல் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மட்டி, வெண்காரம், பிசின் முதலியவற்றைப் பிசைந்த மாவை அச்சில் அழுத்தி உருக்கொடுப்பர். மாவில் குழைவுத்தன்மை குறைவு என்பதால் முழுப் பாண்டத்தையும் சக்கரத்தில் வனைய முடியாது. வெண்பூச்சின்மேல் கோபால்ட் ஆக்சைடால் நீலமும் செம்பு ஆக்சைடால் பசுநீலமும் தீட்டி, மெருகுக் கரைசல் பூசி, ஒரே முறை சுடுவர்.

ஒப்பீடு: இத்தாலியின் ஃபயன்சா, தெரூத்தா ஊர்களின் மயோலிக்காப் பாண்டம் களிமண்ணால் ஆனது. ஒருமுறை சுட்டபின் வெள்ளீயம் கலந்த வெண்மெருகு பூசி, அதன்மேல் ஓவியம் தீட்டி மீண்டும் சுடுவர். ஜெய்ப்பூரில் ஓவியம் மெருகுக்கு அடியில் அமைகிறது.

மீட்பு: 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நலிந்த இக்கலையைக் கைவினை ஆர்வலர் கமலாதேவி சட்டோபாத்யாய், ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி ஆகியோரின் ஊக்கத்தில் ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத் (1922–2008) மீட்டார், 1974இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று இது புவிசார் குறியீடு பெற்ற கைவினை.