குப்பைமேட்டுக் கசிவுநீரும் சட்டமும்: திருவண்ணாமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நீரோட்டம் என்று வரையறுப்பதில் ஆறு மட்டும் இல்லை. அப்போதைக்கு வறண்டு கிடக்கும் ஓடையும் நிலத்தடி நீரும் அதில் அடக்கம். திருவண்ணாமலைக்கு இது மிகவும் பொருந்தும். மலையில் பெய்யும் மழை சில வாரங்கள் ஓடைகளில் ஓடிக் குளங்களையும் ஏரிகளையும் சேரும். மற்ற நாளெல்லாம் ஓடை மணலும் புதருமாகக் கிடக்கும். நிலத்துக்கு அடியில் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் தங்கும் தண்ணீரைத்தான் கிணறும் போரும் எடுக்கின்றன. இத்தகைய நீரில் நச்சுப்பொருளைத் தெரிந்தே சேரவிடுவதை அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடுக்கிறது. அப்படியிருந்தும் ஊர்க்குப்பையின் கசிவுநீர் ஏன் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை?

1974-க்கு முந்தைய சட்டங்கள் நோய்க்குத்தான் அஞ்சின. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம், 277-ஆம் பிரிவில், பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ கெடுப்பதைக் குற்றமாக்கியது. 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியது. காலரா பரவிய காலத்தில், கார்த்திகைத் தீபத்துக்குக் கூட்டம் திரளும் திருவண்ணாமலைக்கு அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினால் கடமை முடிந்தது என்ற எண்ணமும் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது. அதன் கவனம் முழுவதும் ஆலைகளின் மேல் இருந்தது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த வட ஆற்காட்டில் அதற்குக் காரணமும் இருந்தது. 1989-இல் அம்மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த அரசாணை எண் 213, குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் தொழில்களுக்குத் தடை விதித்தது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் குறித்த வழக்கில், 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. குவித்துவைத்த கழிவு தண்ணீரை என்ன செய்யும் என்பதற்கு ராணிப்பேட்டையே சாட்சி. 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் எளிதில் நீரில் கரையும். ஒவ்வொரு மழையும் அதை நிலத்தடி நீருக்குள் இறக்கியது. ஆலை மூடிய பிறகும் அது நிற்கவில்லை.

ஊர்க்குப்பைக்கு விதி பிறந்தது 1996-இல் சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கால். அதன் விளைவாக 2000 செப்டம்பரில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. கசிவுநீர் என்ற பொருளை அரசு முதன்முதலாக விரிவாகக் கையாண்டது இவற்றில்தான் என்பேன். கிடங்கின் அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. தடிமனில் பிளாஸ்டிக் விரிப்பு. களிமண் படுகைக்குக் கீழே குறைந்தது 2 மீட்டர் ஆழத்தில்தான் நிலத்தடி நீர்மட்டம் இருக்கலாம். சுத்திகரித்த கசிவுநீரை நீர்நிலையில் விட வேண்டுமானால் லிட்டருக்கு ஈயம் 0.1, அம்மோனியா நைட்ரஜன் 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைச் சோதித்துவர வேண்டும். சமயச் சிறப்புள்ள இடங்களிலிருந்து கிடங்கு விலகியிருக்க வேண்டும் என்றும் அவற்றில் ஒரு விதி இருந்தது.

திருவண்ணாமலை நகராட்சியின் குப்பையோ பல ஆண்டுகள் ஈசான்ய மைதானத்தில், கிரிவலம் வருவோர் வழிபடும் ஈசான்ய லிங்கத்துக்கு அருகில் சேர்ந்தது. அடியில் விரிப்பில்லாத திறந்த மேடு அது. கோயில் ஊர்க் குப்பையில் வாடிய மாலையும் வாழையிலையும் அன்னதான மிச்சமும் மிகுதி. இந்த ஈரக்குப்பை அழுகும்போது முதலில் அமிலம் ஊறும். கூடவே கிடக்கும் பேட்டரியிலும் பெயின்ட் டப்பாவிலும் உள்ள உலோகத்தை அது கரைக்கும். மேட்டின் அடிவாரத்தில் கருப்பாகக் கசியும் நீரில் இவை அத்தனையும் இருக்கும். அமிலம் தணிந்த பிறகும் அம்மோனியா ஆண்டுக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும்.

2000-இன் விதி, பழைய கிடங்குகளைச் சீராக்க 2001 இறுதிவரை கெடு வைத்தது. நாடெங்கும் கெடு கடந்துபோனது. அடிப்படைக் கோளாறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆலை என்றால் வாரியம் இசைவாணையை மறுக்கலாம், மின்சாரத்தைத் துண்டிக்கலாம். நகராட்சி அரசின் இன்னொரு கை. அதை மூட முடியாது. 2016 ஏப்ரலில் வந்த புதிய விதிகள் பழைய மேடுகளைச் சீராக்க ஐந்தாண்டு தந்தன. பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஏப்ரலுக்குள் வேலையைத் தொடங்காத சிறிய உள்ளாட்சிகளுக்கு மாதம் 1 லட்சம் ரூபாய் ஈடு விதித்தது. அந்த வகைப்பாட்டுக்கு அடிப்படை மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பின்படி இந்நகரில் 1.45 லட்சம் பேர். தீபத்தன்று வரும் கூட்டமோ அதைப்போல் பன்மடங்கு. அந்தக் கூட்டம் விட்டுச்செல்லும் குப்பைக்கு விதிகளில் தனிக் கணக்கில்லை. 2024-இல் நகரம் மாநகராட்சியான பிறகும் இதில் மாற்றமில்லை.

புதிய கிடங்குக்கு இடம் தேடியபோது புனல்காடு கிராம மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். அவர்களுடைய அச்சத்தை வெறும் பிடிவாதமாக நான் பார்க்கவில்லை. விரிப்பும் சோதனைக் கிணறும் தாளில் மட்டுமே இருந்ததைக் கண்ட மாவட்டம் இது.

இப்போது எல்லா ஊர்களிலும் பயோமைனிங் பேசப்படுகிறது. மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பது நல்ல வேலை. ஆனால் சலித்த டன்னையும் மீட்ட ஏக்கரையும் வைத்தே வெற்றி அளக்கப்படுகிறது. மூடிய கிடங்கைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்கச் சொல்கிறது விதி. மேட்டையே அகற்றிவிட்டால் மூடிய கிடங்கு என்று ஒன்று இருக்காது. கண்காணிப்பும் அதோடு நின்றுவிடக்கூடும். பாறை வெடிப்புக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பும் உலோகமும் சலிப்பானில் சிக்குவதில்லை. ஈசான்யத்தைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கும் அந்த 15 ஆண்டு விதி பொருந்த வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீரைச் சோதித்து, முடிவை மாநகராட்சி அலுவலக வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும்.